என்ன கேட்டார்கள் என்று யாரும் எழுதுவதில்லை

சென்னையில் ஒரு போர் எதிர்ப்பு ஆர்ப்பாட்டத்துக்குப் போய்விட்டு வீடு திரும்பினால், தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்தக் கட்சி ஏற்பாடு?" அடுத்தது, "செலவுக்கு யார் கொடுக்கிறார்கள்?" மூன்றாவது, என் மீது கொஞ்சம் அக்கறை உள்ளவர்களிடமிருந்து வரும்: "உங்களுக்கு எதற்கம்மா இந்த வேலை?" அங்கே என்ன பேசினார்கள், எதை நிறுத்தச் சொன்னார்கள் என்று யாரும் கேட்பதில்லை. தெருக்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன். தொலைக்காட்சியும் நாளிதழும் மேடைப் பேச்சும் எந்தக் கேள்விகளைக் கேட்கப் பழக்கினவோ, அவற்றைத்தான் அவர்கள் கேட்கிறார்கள்.

நிருபராகப் பல ஆண்டுகள் இந்த நகரத்தில் அலைந்தவள் நான். இப்போது ஒரு கல்லூரியில் இதழியல் பாடம் எடுக்கிறேன். போர் வேண்டாம் என்று சொல்கிறவர்களைப் பற்றி எழுதப்பட்ட செய்திகளை, பல நாடுகளில் வெவ்வேறு காலங்களில் வந்தவற்றை, மாணவர்களுக்காகத் தேடித் தேடிப் படித்துவருகிறேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் மனதில் உறுதியாகிக்கொண்டே வருகிறது. இவர்கள் என்ன கேட்டார்கள் என்பதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. இவர்கள் யாருடைய ஆட்கள் என்பதைப் பற்றி மட்டும் எல்லோரும் பேசுகிறார்கள். பின்னால் வரலாறு அவர்கள் பக்கம் நின்றாலும், ஒட்டிய முத்திரையைக் கிழிக்க யாரும் வருவதில்லை.

காசாவுக்காக எழும்பூர் ராஜரத்தினம் மைதானம் அருகே நடந்த ஓர் ஆர்ப்பாட்டத்தைச் சொல்கிறேன். இத்தகைய கூட்டத்துக்கு அனுமதி வாங்குவதே தனி வேலை. 1888ஆம் ஆண்டின் சென்னை மாநகரக் காவல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் 41ஆவது பிரிவின்படி, ஐந்து நாட்களுக்கு முன்பே காவல் ஆணையர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். எத்தனை பேர் வருவார்கள், யார் பேசுவார்கள், ஒலிபெருக்கி உண்டா என்றெல்லாம் எழுதிக் கொடுத்தால், நகரத்தில் ஒதுக்கியிருக்கும் ஒருசில இடங்களில் ஒன்று கிடைக்கும். சுற்றிலும் இரும்புத் தடுப்பு. வெளியே வேன்கள் தயாராக நிற்கும்.

அன்று ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் கையால் எழுதிய கோரிக்கைத் தாளோடு வந்திருந்தார். இந்தியாவிலிருந்து இஸ்ரேலுக்குப் போகும் ராணுவத் தளவாடங்களை நிறுத்த வேண்டும் என்பது முதல் கோரிக்கை. அது வெறும் கோஷம் இல்லை. இதே கோரிக்கை உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 செப்டம்பரில் தள்ளுபடியான வழக்கு. அந்த அம்மா அந்தத் தீர்ப்பையும் படித்துவிட்டு, வெளியுறவுக் கொள்கை நீதிமன்றத்தின் வேலையில்லை என்றால் நாடாளுமன்றத்திலாவது பேசுங்கள் என்று எழுதியிருந்தார். தாளை நகலெடுத்து, நிருபர்கள் ஒவ்வொருவரிடமும் கொடுத்தார். வாங்கியவர்கள் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள்.

கேமராக்காரர்களின் கண் வேறு இடத்தில் இருந்தது. "சார், கோஷத்தை இன்னொரு தடவை போடுங்கள், இந்தப் பக்கம் திரும்பி" என்று ஒருவர் கேட்டார். கூட்டமும் திரும்பி நின்று போட்டது. ஓரத்தில் இரண்டு இளைஞர்கள் ஓர் உருவபொம்மையை வெளியே எடுத்தார்கள். அவ்வளவுதான், அதுவரை நிழலில் நின்றிருந்த கேமராக்கள் எல்லாம் ஓடின. காவலர்கள் பொம்மையைப் பிடுங்க, பையன்கள் விடாமல் இழுக்க, பொம்மையின் வைக்கோல் சாலையெங்கும் சிதறியது. ஒரு காவலர் வாளித் தண்ணீரோடு வந்து நின்றார். இவ்வளவும் ஓரிரண்டு நிமிடத்தில் முடிந்துபோனது. கூட்டம் நடந்ததோ இரண்டு மணி நேரத்துக்கும் மேல்.

மாலைச் செய்தியில் அந்த இழுபறி மட்டும் வந்தது. கீழே ஓடிய எழுத்துகள்: "எழும்பூரில் பரபரப்பு", "போக்குவரத்து பாதிப்பு". மறுநாள் நாளிதழில் ஒற்றைப் பத்திச் செய்தி. எத்தனை பேர் மீது வழக்கு, எந்தப் பிரிவில், எந்தச் சமுதாயக் கூடத்தில் வைத்து மாலையில் விடுவித்தார்கள் என்பதெல்லாம் துல்லியமாக இருந்தது. ஆசிரியையின் தாளில் இருந்த ஒரு வரிகூட இல்லை. அந்தச் செய்தியை மட்டும் படிக்கிற ஒருவருக்கு, எழும்பூரில் சிலர் வைக்கோல் பொம்மைக்காகக் காவலர்களோடு சண்டை போட்டார்கள் என்பதைத் தவிர வேறொன்றும் தெரிந்திருக்காது.

இதற்குப் பின்னால் சதி எதுவும் இருக்க வேண்டியதில்லை. செய்தி அலுவலகங்களில் ஆர்ப்பாட்டம் என்பது சட்டம் ஒழுங்குச் சமாச்சாரம். பெரும்பாலும் குற்றச் செய்தி பார்க்கும் நிருபரிடம்தான் அது போகும். அவருக்குத் தினமும் தகவல் தருகிறவர்கள் காவல்துறையினர். கூட்ட எண்ணிக்கை அவர்களிடமிருந்து வருகிறது, கைது விவரம் அவர்களிடமிருந்து வருகிறது, "சிலர் திடீரென்று தடுப்பை மீறினர்" என்ற வாக்கியமும் அவர்களிடமிருந்தே வருகிறது. வெளியுறவுச் செய்தி எழுதுகிறவர் டெல்லியில் இருக்கிறார். போரைப் பற்றித் தெரிந்த நிருபர் போராட்டத்துக்கு வருவதில்லை, போராட்டத்துக்கு வருகிற நிருபருக்குப் போரைப் பற்றி எழுத இடமில்லை. இரண்டுக்கும் நடுவே கோரிக்கை விழுந்து மறைந்துவிடுகிறது. எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத நல்ல நிருபர் எழுதினாலும் முடிவு இதேதான் என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

கெட்ட எண்ணத்தோடு செய்தவர்களும் உண்டு. அதற்கு வியட்நாம் காலத்து அமெரிக்காவைப் பார்க்க வேண்டும்.

1967இல் ஜனாதிபதி ஜான்சனுக்கு ஒரு சந்தேகம். இத்தனை இளைஞர்கள் தாங்களாகவே போரை எதிர்க்க முடியாது, மாஸ்கோவோ, வட வியட்நாமின் தலைநகரான ஹனோயோ பின்னால் இருக்க வேண்டும். சி.ஐ.ஏ.வைத் தேடிப் பார்க்கச் சொன்னார். அந்த ஆண்டு நவம்பரில் சி.ஐ.ஏ. கொடுத்த அறிக்கை, அமைதி இயக்கத்தை வெளிநாடு எதுவும் இயக்குவதற்குக் குறிப்பிடத்தக்க ஆதாரம் இல்லை என்று சொன்னது. சொந்த உளவுத்துறையே சொல்லிவிட்ட பிறகு விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தேடுதல் இன்னும் பெரிதானது. 'கேயாஸ்' என்று பெயரிட்ட அந்த நடவடிக்கையில் 7,200 அமெரிக்கக் குடிமக்களைப் பற்றித் தனிக் கோப்புகள் திறக்கப்பட்டன. மூன்று லட்சம் பெயர்கள் கணினியில் ஏறின. 1975இல் விசாரணை ஆணையம் ஒன்று சொல்லித்தான் இது வெளியில் முழுமையாகத் தெரிந்தது. அதற்குள் "அந்நியக் கைக்கூலி" என்ற பேச்சு வேலையை முடித்திருந்தது.

கென்ட் பல்கலைக்கழகத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. 1970 மே 1ஆம் தேதி, கல்லூரி வளாகங்களில் போராடும் மாணவர்களை நிக்சன் உருப்படாதவர்கள் என்று பேசினார். மே 4ஆம் தேதி ஓஹியோ மாநிலத்தின் கென்ட் வளாகத்தில் தேசியக் காவல் படையினர் 13 நொடிகளில் 60க்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டார்கள். நான்கு மாணவர்கள் இறந்தார்கள், ஒன்பது பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் இரண்டு பேர் போராட வந்தவர்களே இல்லை, வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். அவர்களில் ஒருவரான வில்லியம் ஷ்ரோடர் ராணுவ அதிகாரிப் பயிற்சியில் சேர்ந்திருந்த மாணவர். சுட்டவர்களிடமிருந்து அவர் ஏறத்தாழ 380 அடி தூரத்தில் இருந்தார்.

அடுத்து எடுத்த கேலப் கருத்துக்கணிப்பில் 58 சதவீதம் பேர் மாணவர்கள் மீதே பழியைப் போட்டார்கள். படையினர் மீது பழி சொன்னவர்கள் 11 சதவீதம். இறந்துபோன ஆலிசன் க்ராஸின் தந்தை தொலைக்காட்சி கேமராவின் முன் நின்று, தன் மகள் உருப்படாதவள் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன், துக்கத்துக்கு நடுவில், மகளின் குணநலனுக்குச் சாட்சி சொல்கிறார். ஜனாதிபதியே நியமித்த ஆணையம் சில மாதங்களில் அந்தத் துப்பாக்கிச்சூடு தேவையற்றது, நியாயமற்றது, மன்னிக்க முடியாதது என்று எழுதியது. அந்த 58 சதவீதம் பேரில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்?

அமெரிக்காவில் இன்னொரு கதை வலுவாக நிலைத்திருக்கிறது. வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் முகத்தில் போராட்டக்காரர்கள் விமான நிலையத்தில் துப்பினார்கள் என்பது அது. ஜெர்ரி லெம்ப்கே என்ற சமூகவியல் பேராசிரியர் இதைத் தேடிப் போனார். அவரே வியட்நாமில் பணியாற்றியவர். உறுதிப்படுத்தக்கூடிய அக்காலத்துப் பதிவு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றும், இந்தக் கதைகள் பிற்காலத்தில், 1980 வாக்கில்தான் பெருகின என்றும் அவர் எழுதினார். அந்தக் காலத்தின் நிஜப் பதிவு ஒன்று இருக்கிறது. 1971 ஏப்ரலில் வாஷிங்டனில், போரிலிருந்து திரும்பிய நூற்றுக்கணக்கான வீரர்களே நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் வரிசையாக வந்து, தங்கள் பதக்கங்களைத் தடுப்புக்கு அப்பால் வீசி எறிந்தார்கள். அவர்கள் உண்மையான வீரர்கள்தானா என்று வெள்ளை மாளிகை சந்தேகம் கிளப்பிப் பார்த்தது. சிப்பாயும் போராட்டக்காரரும் எதிரெதிர் ஆட்கள் என்ற சித்திரத்துக்கு அந்தக் காட்சி பொருந்தாது. துப்பிய கதை பொருந்துகிறது, அதனால் அது நிலைத்தது.

இராக் போர் நேரத்தில் நான் இளம் நிருபர். 2003 பிப்ரவரி 15இல் உலகம் முழுக்க ஏறத்தாழ 600 நகரங்களில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ரோமில் மட்டும் முப்பது லட்சம் பேர் என்று கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. இவ்வளவு பெரிய கூட்டத்தைக் கைக்கூலிகள் என்று சொல்ல முடியாது. ஆகவே புஷ் வேறு வழியில் தள்ளிவிட்டார். இதைப் பார்த்து முடிவெடுப்பது, பொருளை விற்க வாடிக்கையாளர் குழுவிடம் அபிப்பிராயம் கேட்டுக் கொள்கை வகுப்பது போன்றது என்றார். மகனைப் போருக்கு அனுப்ப வேண்டிய தாயின் எதிர்ப்பும் சோப்புக் கட்டியின் மணம் பற்றிய அபிப்பிராயமும் அவருக்கு ஒரே தட்டில் நின்றன.

ஊடகம் என்ன செய்தது? அமெரிக்க ஊடகக் கண்காணிப்பு அமைப்பான 'ஃபேர்', போருக்கு முன்பு, ஐ.நா.வில் அமெரிக்கா தன் வாதத்தை வைத்த நாளையொட்டிய இரண்டு வாரங்களில் நான்கு பெரிய தொலைக்காட்சிகளின் செய்திகளை எண்ணிப் பார்த்தது. இராக் பற்றித் திரையில் பேசியவர்கள் 393 பேர். அதில் போர் எதிர்ப்பு இயக்கங்களைச் சேர்ந்தவர்கள் மூன்றே பேர். ஃபில் டோனஹியூ என்ற புகழ்பெற்ற தொகுப்பாளரின் நிகழ்ச்சியை அவரது தொலைக்காட்சி அதே மாதம் நிறுத்தியது. போர்க்காலத்தில் இவர் நம் நிறுவனத்துக்குச் சங்கடமான முகம் என்று அலுவலகத்துக்குள் சுற்றிய குறிப்பு பிறகு வெளிவந்தது. பேரழிவு ஆயுதங்கள் இராக்கில் இல்லை என்பது 2004இல் அமெரிக்க ஆய்வுக் குழுவின் அறிக்கையிலேயே உறுதியானது. நியூயார்க் டைம்ஸ் அந்த ஆண்டு மே மாதம் தன் போர்க்காலச் செய்திகளில் இருந்த குறைகளை ஒப்புக்கொண்டு வாசகர்களுக்குக் குறிப்பு எழுதியது. நல்ல காரியம்தான். ஆனால் அதே செய்திகளை அன்றைக்கே நம்ப மறுத்துத் தெருவில் நின்றவர்களைத் தேடிப் போய் எந்தத் தொலைக்காட்சியும் நாற்காலி போடவில்லை. பிழை செய்த நிபுணர்களே அடுத்த போரைப் பற்றியும் பேச அழைக்கப்பட்டார்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

2008 அக்டோபர் 24. கொட்டுகிற மழையில் சென்னையில் மனிதச் சங்கிலி. முதலமைச்சர் கருணாநிதியே முன்னின்று நடத்தியது. கோரிக்கை ஒன்றே ஒன்று: இலங்கையில் போரை நிறுத்துங்கள். மூன்று மாதம் கழித்து, 2009 ஜனவரி 29 காலையில், மத்திய அரசு அலுவலகங்கள் இருக்கும் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன் வாசலில் முத்துக்குமார் தீக்குளித்தார். 26 வயது. அந்த முடிவை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. உயிரோடு இருந்திருக்க வேண்டிய பிள்ளை. ஆனால் அவர் எழுதி வைத்துவிட்டுப் போன நீண்ட கடிதம், மாணவர்களையும் காவல்துறையினரையும் சர்வதேச சமூகத்தையும் தனித்தனியே விளித்து, ஒவ்வொருவரும் என்ன செய்ய வேண்டும் என்று நிதானமாகப் பேசுகிற கடிதம். அதைக் கைப்பிரதியாகப் படித்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். செய்திகளில் பெரும்பாலும் வந்தது "உணர்ச்சிவசப்பட்ட இளைஞர்" என்ற சித்திரம். தமிழனைப் பற்றி எழுதும்போது இந்த ஒரு சித்திரம் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. உணர்ச்சிவசப்பட்டவர் என்று சொல்லிவிட்டால், அவர் முன்வைத்த வாதத்துக்குப் பதில் தேட வேண்டியதில்லை.

மாணவர்கள் திரண்டார்கள். அரசு கல்லூரிகளைக் காலவரையின்றி மூடியது, விடுதிகளைக் காலி செய்யச் சொன்னது. வழக்கறிஞர்கள் நீதிமன்றப் புறக்கணிப்பில் இருந்தார்கள். பிப்ரவரி 17 அன்று உயர் நீதிமன்றத்துக்குள் சுப்பிரமணியன் சுவாமி மீது முட்டை வீசப்பட்டது. பிப்ரவரி 19 அன்று காவல்துறை வளாகத்துக்குள் புகுந்து தடியடி நடத்தியது. நீதிபதி ஒருவரும் அடிபட்டார். அதன் பிறகு செய்திகளெல்லாம் முட்டையைப் பற்றியும் தடியைப் பற்றியும்தான். வழக்கறிஞர்கள் ஏன் வெளியே நின்றார்கள் என்பது காணாமலே போனது. வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தது, சென்னையில் விவாதம் யார் முதலில் கல்லெறிந்தது என்பதில் நின்றது.

மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. அந்தக் கூட்டங்களில் பிரபாகரன் படத்தை ஏந்தி வந்தவர்கள் இருந்தார்கள். புலிகளைப் போற்றிப் பேசியவர்கள் இருந்தார்கள். அந்தப் புலிகள் மக்களை வெளியேறவிடாமல் தடுத்ததையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் ஐ.நா. நிபுணர் குழுவே பதிவு செய்திருக்கிறது. அதைப் பேச மறுத்த மேடைகள் மீது எனக்கு அன்றைக்கே கோபம் இருந்தது. ஆனால் படம் ஏந்தி வந்தவரின் அருகில், கையில் எதுவும் இல்லாமல் வந்து நின்ற பெண்கள் இருந்தார்கள். வவுனியாவில் அக்கா இருக்கிறாள், கிளிநொச்சியிலிருந்து போன மாமியிடமிருந்து தகவல் இல்லை என்று சொன்ன அகதி முகாம்காரர்கள் இருந்தார்கள். அரசியலே தெரியாமல், குழந்தைகள் சாகிறார்கள் என்பதற்காக மட்டும் வந்த ஐ.டி. ஊழியர்கள் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து அந்த ஒரு படம் அடையாளமானது. தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் ஆதரவாளர்கள் என்று ஒரு வரியில் எல்லோரையும் கட்டிவிட்டார்கள்.

போரை நிறுத்துங்கள் என்று அவர்கள் கத்தியபோது கொழும்பு என்ன சொன்னது? வன்னியில் மிஞ்சியிருக்கும் மக்கள் 70,000 பேர் அளவில்தான், பொதுமக்களுக்குச் சேதமே இல்லை என்றது. போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 2,90,000 பேர். 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை, கடைசி மாதங்களில் இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கக்கூடும் என்றது. பாதுகாப்பு வலயம் என்று அரசே அறிவித்த இடங்களிலும் மருத்துவமனைகளிலும் எறிகணை விழுந்ததை எழுதியது. 2012 நவம்பரில் ஐ.நா.வின் உள் ஆய்வு, அந்த மக்களைக் காப்பதில் தன் அமைப்பே தோற்றுவிட்டது என்று ஒப்புக்கொண்டது. சாஸ்திரி பவன் இருக்கும் ஹாடோஸ் சாலையில் தொண்டை கிழியக் கத்தியவர்கள் சொன்னதும் இதுதான், மூன்று ஆண்டுகளுக்கு முன்பு. அவர்களை உணர்ச்சிவசப்பட்டவர்கள் என்று எழுதிய எவரும் பிறகு அந்த அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்களிடம் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

2013 மார்ச்சில் லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டு பேர் ஈழத்தமிழர்களுக்கு நீதி கேட்டு உண்ணாவிரதம் தொடங்கியபோது, சில நாள் ஊடகம் அவர்களைக் கொண்டாடியது. மாநிலம் முழுக்கப் பரவியதும், "பின்னணியில் யார்?" என்ற கேள்வி வந்துவிட்டது. இம்முறை ஆட்சி வேறு, முதலமைச்சர் வேறு. செய்தது ஒன்றுதான்: கல்லூரிகளுக்குக் காலவரையற்ற விடுமுறை.

மெரினாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2017 மே 21 அன்று, முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காகக் கடற்கரையில் மெழுகுவத்தி ஏற்றப் போனவர்களைக் காவல்துறை கைது செய்தது. அவர்களில் திருமுருகன் காந்தி உள்ளிட்ட நான்கு பேர் மீது குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்களையும் போதைப்பொருள் விற்கிறவர்களையும் விசாரணையின்றி ஓராண்டு உள்ளே வைப்பதற்காக எழுதப்பட்ட சட்டம் அது. செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. நான்கு மாதம் சிறையில் கழிந்தது கழிந்ததுதான். "குண்டர் சட்டத்தில் கைதானவர்" என்ற அடைமொழி செய்திகளில் அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

அதே மெரினாவை ஒட்டிய காமராஜர் சாலையில் 2025 மே 10 அன்று, ஆபரேஷன் சிந்தூரில் ஈடுபட்ட ராணுவத்துக்கு ஆதரவாக முதலமைச்சர் ஸ்டாலின் தலைமையில் பேரணி நடந்தது. டி.ஜி.பி. அலுவலகத்திலிருந்து போர் நினைவுச் சின்னம் வரை. அதில் நடந்தவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. பஹல்காமில் 26 பேரைக் கொன்ற கொடுமைக்குப் பிறகு மக்கள் கொந்தளித்ததில் வியப்பில்லை. முன்னாள் ராணுவத்தினரும் அதில் நடந்தார்கள், அவர்களுக்கு அந்தச் சாலையில் எல்லா உரிமையும் உண்டு. ஆனால் போருக்குத் துணை நிற்பவர்களுக்குத் திறக்கும் சாலை, போரில் செத்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவர்களுக்கு மூடியே இருக்கிறது. செய்தியில் முன்னவர்கள் "மக்கள்". பின்னவர்கள் "அமைப்பினர்". இந்த இரண்டு சொற்களைத் தேர்ந்தெடுக்கிற கைகளை நான் பல ஆண்டுகள் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவை அதிகம் யோசிப்பதில்லை.

அந்த மே மாதத்தில் யார் யாரெல்லாம் தேசவிரோதி ஆனார்கள் என்று பாருங்கள். பஹல்காமில் கணவனைப் பறிகொடுத்த, கல்யாணமாகிச் சில நாளே ஆன பெண், முஸ்லிம்கள் மீதும் காஷ்மீரிகள் மீதும் பகை வேண்டாம், அமைதி வேண்டும், குற்றவாளிகளுக்குத் தண்டனை வேண்டும் என்றார். அவருடைய துக்கத்தைப் படமாகப் போட்டுப் பகிர்ந்தவர்களே, அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரைச் சமூக வலைத்தளங்களில் வசைபாடினார்கள். மகளிர் ஆணையம் கண்டித்து அறிக்கை விட வேண்டியிருந்தது. சண்டை நிறுத்தத்தை அறிவித்த வெளியுறவுச் செயலாளர் விக்ரம் மிஸ்ரி, அரசின் முடிவை அரசுக்காக வாசித்தவர், துரோகி என்று வசைபாடப்பட்டுத் தன் கணக்கையே பூட்டிக்கொள்ள நேர்ந்தது. சென்னைப் புறநகரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் உதவிப் பேராசிரியை, ஆபரேஷன் சிந்தூரை விமர்சித்துப் பதிவிட்டதற்காக இடைநீக்கம் செய்யப்பட்டார். கராச்சித் துறைமுகம் அழிந்துவிட்டது என்று இல்லாத செய்தியை இரவெல்லாம் ஓட்டிய தொலைக்காட்சிகளின் தொகுப்பாளர்கள் மறுநாளும் அதே நாற்காலியில் இருந்தார்கள்.

விதவையும், வெளியுறவுச் செயலாளரும், கல்லூரி ஆசிரியையும் ஒரே கட்சியில் இருக்க முடியாது. ஒரே வெளிநாட்டிடம் காசு வாங்கியிருக்கவும் முடியாது. போர் தொடர வேண்டியதில்லை என்ற பொருளில் வாயைத் திறந்ததுதான் மூவருக்கும் பொதுவானது. ஆளைப் பார்த்து ஒட்டுகிற முத்திரை இது என்று இனியும் யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அதே ஆண்டு ஜூலையில், காசாவுக்காக மும்பையில் கூட்டம் நடத்த அனுமதி மறுக்கப்பட்டதை எதிர்த்து மார்க்சிஸ்ட் கட்சி நீதிமன்றம் போனபோது, மும்பை உயர் நீதிமன்ற நீதிபதிகள், நம் நாட்டிலேயே எத்தனையோ பிரச்சினைகள் இருக்கின்றன, தேசபக்தர்களாக இருங்கள் என்று அறிவுரை சொன்னார்கள். குப்பையையும் வெள்ளத்தையும் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். எனக்குத் தெரிந்து, எழும்பூரில் தாள் கொடுத்த ஆசிரியை, தன் பகுதியில் ஒவ்வொரு மழைக்கும் வெள்ளம் புகுவதைப் பற்றி மாநகராட்சிக்கு மனு எழுதிக்கொண்டே இருப்பவர். ஒருவருக்கு ஒரு துக்கம்தான் இருக்க முடியும் என்று யார் விதித்தது? காசாவின் குழந்தைக்காக அழுகிறவர் பள்ளிக்கரணையின் குழந்தையை மறந்துவிடுவார் என்ற கணக்கு எனக்குப் புரியவே இல்லை. நான் பார்த்தவரையில் இரண்டு இடங்களுக்கும் வருகிறவர்கள் அதே ஆட்கள்.

இந்தப் பருவத்தில் முதலாண்டு மாணவர்களுக்குச் செய்தி எழுதும் பயிற்சி கொடுத்தேன். ஒரு போர் எதிர்ப்பு ஆர்ப்பாட்டத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுத வேண்டும். கூட்டம் என்ன கேட்கிறது, யாரிடம் கேட்கிறது, கேட்கப்பட்டவர் என்ன பதில் சொன்னார் என்பது முதல் பத்தியிலேயே வர வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. எண்ணிக்கை, கைது, போக்குவரத்து எல்லாம் அதன் பிறகு. காவல்துறையின் தரப்பு வேண்டும், கூட்டத்தில் தவறு நடந்தால் அதுவும் வேண்டும். எதையும் மறைக்கச் சொல்லவில்லை.

பின்வரிசையில் இருந்து ஒரு பையன் எழுந்தான். ஒரு நாளிதழில் பகுதிநேரமாக வேலை பார்ப்பவன். "மேடம், இப்படி எழுதிக் கொடுத்தால் டெஸ்கில் வெட்டிவிடுவார்கள்" என்றான்.

"இடம் போதாவிட்டால் எங்கிருந்து வெட்டுவார்கள்?" என்று கேட்டேன்.

"கீழிருந்து, மேடம்."

"அதனால்தான் முதல் பத்தியில் எழுதச் சொல்கிறேன்."

எழுதிக்கொண்டு வந்தான். மாணவர்களின் தாள்களில் அவனுடையதுதான் நன்றாக இருந்தது. அலுவலகத்திலும் அதையே கொடுத்திருக்கிறான். வெளியானபோது கடைசி இரண்டு பத்திகள் போயிருந்தன: போக்குவரத்து மாற்றமும் உருவபொம்மையும். கோரிக்கை அச்சில் இருந்தது.